கிட்டாருக்குள் ஒரு பாம்பு

அறுப்புப் பண்டிகை ஆராதனையில் பாஸ்டர், "கொஞ்ச நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்றதும் கோயில் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் மட்டும் நின்றது. ஸ்ஸ்ஸ்ஸ் என்று, விடாமல். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் முதலில் காலை இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் புடவையைச் சுருட்டிக்கொண்டார். அதற்கும் பக்கத்தில் இருந்தவர் "ஐயோ, பாம்பு!" என்று கத்தியே விட்டார். அவ்வளவுதான். ஜெபம் கலைந்தது, பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள், ஆளாளுக்குச் செருப்பைத் தேடினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது 1991, மழைக்காலம். மண்ணூரில் ஏரி நிரம்பினால் பாம்புகள் மேட்டைத் தேடி வரும். எங்கள் கோயில் இருந்தது மேட்டில். சபைச் செக்ரட்டரி கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு ஆர்மோனியத்துக்கு அடியில் குத்தினார், பாட்டுப் புத்தக அலமாரிக்குப் பின்னால் குத்தினார். கடைசியில் என் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டி முன்னால் குனிந்து காதை வைத்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாம்பு இதுக்குள்ளதாம்மா கீது," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர்கூடக் கையால் வாயை மறைத்துக்கொண்டார். எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "பாம்பு இல்ல, பூஸ்டரு!" என்று கத்தினேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அந்த கிட்டாரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் சின்ன மாமா பெரம்பூர் ரயில்வே காலனிப் பக்கம் கல்யாணங்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் அவரிடம் விட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டார் அது. செக்கச்செவேலென்று இருக்கும். மாமாவுக்கு துபாயில் வேலை கிடைத்ததும் கிட்டாரையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் எங்கள் வீட்டில் இறக்கி, "நீதான் இத்த ஒழுங்கா வாசிப்ப" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அவர் காட்டிக்கொடுத்த நாலைந்து விரல் பிடிகளை வைத்துக்கொண்டு மீதியை நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். மண்ணூரில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். மண்ணூர் என்ன, சுங்குவார்சத்திரம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஆணிலோ பெண்ணிலோ வேறு ஆள் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நன்றாகவே இருந்தது.

ஆனால் கிட்டாருக்கு வயதாகிவிட்டது. கம்பிகளின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தக் கட்டை ஒன்று அடியில் இருக்கும். அது சோர்ந்துபோயிருந்தது. பெட்டியின் குமிழை முழுசாகத் திருகினாலும் ஆர்மோனியமும் டிரம்மும் சேர்ந்து என்னை விழுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க விரல் தேய வாசித்துவிட்டு வந்தால், "இன்னிக்கு நீ வாசிக்கலியா?" என்று கேட்பார்கள். பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது ஊருக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். டேப் ரெக்கார்டருக்குள் போகும் போர்டுகள் செய்யும் கம்பெனி. லைனில் ஆளுக்கு ஒரு வேலை. சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் என் தோழி, போர்டின் ஓட்டைகளில் பாகங்களைச் செருகித் தருவாள். நான் ஈயம் பற்றவைப்பேன். என்னிடமிருந்து போர்டு வாஷிங் அக்காவிடம் போகும். அவள் கழுவித் துடைத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பாள். பிடித்திருந்தால் விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டு. டொக் டொக். போர்டு பாஸ் என்று அர்த்தம். அதன் பிறகுதான் டெஸ்டிங் அண்ணன் கைக்குப் போகும்.

பிடிக்காவிட்டால் என் மேசைக்கே திரும்பி வரும். "ஆட்டுப் புழுக்கை மாரி வெச்சுக்கிறா பாரு ஈயத்த," என்று லைன் முழுக்கக் கேட்கச் சொல்லுவாள். சுங்குவார்சத்திரத்துக்காரி, குரல் அடுத்த ஷெட் வரைக்கும் போகும். என் ஈயத்தை ஒருவர் குறை சொல்வதா? எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. ஒரே பஸ்ஸில் வந்தாலும் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி.

கிட்டாரைப் பற்றி நான் புலம்பியது டெஸ்டிங் அண்ணனிடம். அவர் அதிகம் பேசமாட்டார். யோசித்துவிட்டு, "கிட்டாரு வயித்துக்குள்ளயே சின்னதா ஒரு ஆம்ப்ளிஃபையர் வெச்சுட்டா போச்சு. கம்பிலேர்ந்து வர்ற சத்தத்த அங்கேயே பெருசாக்கி அனுப்பிச்சிடலாம்," என்றார். அதற்குப் பெயர் பூஸ்டர். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குட்டி லைனையே போட்டுவிட்டோம். அண்ணன் படம் வரைந்து போர்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தார். தோழி பாகங்களைச் செருகினாள். சுங்குவார்சத்திரம் ஹார்டுவேர் கடையில் வாங்கிய பேஸ்ட் டப்பாவைத் திறந்து, ஈயம் நன்றாக ஒட்டும்படி பேஸ்ட்டைத் தடவி நான் பற்றவைத்தேன். அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. கிட்டாரின் முதுகு மூடியைக் கழற்றி, அந்தக் குழிக்குள் போர்டையும் ஒரு சதுர பாட்டரியையும் உட்கார வைத்தோம். ஸ்விட்சைத் தட்டி ஒரே ஒரு கம்பியை இழுத்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். கூரை மேல் இருந்த காக்கைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. தோழி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள், நானும் குதித்தேன், அண்ணன் மட்டும் கிட்டார் கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு முழுக்க வாசித்தேன். எவ்வளவு சத்தம் என்றால், அந்தச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்றை நாங்கள் மூவருமே கேட்கவில்லை. வாசிக்காமல் சும்மா இருந்தால்தானே அது கேட்கும்? நான் எங்கே சும்மா இருந்தேன்?

கோயில்தான் சும்மா இருந்தது. அறுப்புப் பண்டிகையில், அந்த மௌன ஜெபத்தில்.

ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. விஷயம் இதுதான். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில், மௌன ஜெபம் முடிகிற இடத்தில் யாரும் எதுவும் பேசாமல் என் கிட்டார் மட்டும் தனியாக ஆரம்பிக்கும், அதன் பிறகு பாடகர் குழு சேர்ந்துகொள்ளும் என்று பாஸ்டர் ஏற்கெனவே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் கோயிலில் ஒரு பெண் பாட்டை எடுத்துக் கொடுப்பதே அதுவரை நடந்ததில்லை. கிட்டார் எடுத்துக் கொடுப்பது எங்கே! அந்த ஒரு இடத்துக்காக நான் தூக்கத்தில்கூட விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்வாள்.

"மவுனத்துல ஒரு சத்தமும் வரக்கூடாது. புரியுதா?" என்றார் செக்ரட்டரி. "அன்னிக்கும் இது ஸ்ஸுன்னுச்சுன்னா, அன்னியோட கிட்டாரு உங்க வூட்டுக்குப் போயிடணும். நமக்கு ஆர்மோனியம் போதும்."

பாஸ்டரும் தலையசைத்தார். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாளே பாம்பு வேட்டை தொடங்கியது. வேலை முடிந்ததும் அண்ணனும் தோழியும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், இருட்டுவதற்குள் கடைசி வெளிச்சத்தில் கிட்டாரைத் திறந்து போட்டுக்கொண்டு உட்காருவோம். அண்ணன் முதல் நாள் கிட்டாரைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டார். டியூப்லைட்டைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார். கம்பியின் மேல் கையை வைக்கச் சொன்னார், எடுக்கச் சொன்னார்.

"ரெண்டு சத்தம் கீது," என்றார். "லைட்ட போட்டா ம்ம்முன்னு ஏறுது, கம்பிய தொட்டா எறங்குது பாரு, அது வெளியேர்ந்து வர்றது. அந்த ஸ்ஸு, எது செஞ்சாலும் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. அது உள்ளேர்ந்து வர்றது. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது."

எனக்கு அதுவரை எல்லாமே ஒரே இரைச்சல்தான். அவர் சொன்ன பிறகு கேட்டேன். ஆமாம், இரண்டு! அடியில் ஒரு ம்ம்ம், மேலே ஒரு ஸ்ஸ்ஸ். கேட்கத் தெரிந்துவிட்டதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஃபேன் சத்தத்தைக்கூட இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வெளியேர்ந்து வருவதைத் தடுக்க, குழியின் உட்சுவர் முழுக்க உலோகத் தாள் ஒட்டி அதை கிரவுண்டு ஒயரோடு சேர்க்க வேண்டும். தாளுக்கு எங்கே போவது? சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாள்! நானும் தோழியும் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய்க் காலிப் பெட்டிகள் இருந்தால் எடுத்து வைக்கச் சொன்னோம். டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாங்கள் பஸ் பிடித்து மண்ணூர் வருவதற்குள், நான் சிகரெட் குடிக்கிறேன் என்ற செய்தி அம்மாவிடம் வந்து சேர்ந்திருந்தது. அது எந்த பஸ்ஸில் வந்ததோ! அம்மா என் வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விட்டாள்.

தாளை வெட்டி வெட்டி ஒட்டினோம். ம்ம்ம் அப்படியே இருந்தது. அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தத் தாளுக்குப் பின்னால் காகிதம் உண்டு. ஒரு துண்டின் வெள்ளிப் பக்கம் இன்னொரு துண்டின் காகிதப் பக்கத்தில்தான் படுகிறது, வெள்ளியும் வெள்ளியும் தொடவே இல்லை. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, ஓரங்களை மடித்து மடித்து மறுபடி ஒட்டினோம். ஸ்விட்சைப் போட்டதும் ம்ம்ம் செத்துப்போயிருந்தது. தோழி டியூப்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டாள். "இல்லடீ! இல்லடீ!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எதைத் தொலைத்தோம் என்று கேட்டார்கள்.

பிறகு உள்ளேர்ந்து வருவது. அதற்கு அண்ணன் முதலில் என்னைத்தான் திட்டினார். "எவ்ளோ முடியுமோ அவ்ளோ ஏத்துண்ணான்னு நீதான கேட்ட? சத்தத்த ஏத்துனா இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும்." பூஸ்டரின் பலத்தைப் பாதிக்கு மேல் குறைத்தார். எனக்கு என் எலும்பையே கழற்றுவது போல இருந்தது, ஆனாலும் டிரம்மைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு மீதி இருந்தது. அடுத்த லீவு நாளில் மெட்ராஸ் போய் ரிச்சி தெருவில் இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி வந்தார். பழைய ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு நல்ல ரகமாக நீல நிறத்தில் சில போட்டோம். வேண்டாத கூர்மையை மட்டும் வெட்டிவிடும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் மாற்ற மாற்ற ஸ்ஸ்ஸ் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், பெட்டியில் காதை ஒட்டி வைத்தேன். ஒன்றுமே இல்லை. நான் ஆடியதில் முறத்தில் காய்ந்த வற்றல் கொட்டிப்போயிற்று.

சாயங்காலம் கோயிலில் பாட்டுப் பயிற்சி. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைப் போட்டேன்.

ஸ்ஸ்ஸ்ஸ். நடுநடுவே சடசட என்று வேறு.

அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் பார்த்தால் இல்லை. சாயங்காலம் மழையில் பார்த்தால் இருக்கிறது. பகலில் பொந்துக்குள் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வெளியே வருகிறது, அசல் பாம்பேதான். கோயில் வயரிங் என்றார் அண்ணன். எங்கள் வீட்டிலும் வந்தது. பாட்டரியை மாற்றினோம், ஒயரை மாற்றினோம். என் ஈயம்தான் சரியில்லையோ என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டது. வாஷிங் அக்காவின் ஆட்டுப் புழுக்கை காதில் ஒலித்தது. பேஸ்ட்டைத் தாராளமாக அப்பி, எல்லாப் புள்ளிகளையும் புதிதாகப் பற்றவைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் மோசமானது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. எங்கள் கம்பெனிக்கு அன்றைக்கு வேலை நாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி கிட்டாரையும் பெட்டியையும் உள்ளே கொண்டுபோனேன், லஞ்சில் டெஸ்டிங் மேசையில் வைத்து ஒரு கடைசிப் பார்வை பார்த்துவிடலாம் என்று. வெளியே மழை பிய்த்துக்கொண்டிருந்தது. முதுகு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் சோறுகூட சாப்பிடாமல் குனிந்து நின்றோம். நாளைக்கு விடிந்தால் ஆராதனை. என் கையில் ஒன்றும் இல்லை.

அந்த வழியாக டிபன் டப்பாவைக் கழுவ வாஷிங் அக்கா போனாள். போனவள் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா இது, பேஸ்ட்டு வாசன அடிக்கிது?"

அவளே வந்து எங்கள் நடுவில் தலையை நுழைத்துக் குழிக்குள் பார்த்தாள். ஒரு விரலை உள்ளே விட்டு போர்டைத் தொட்டாள். விரல் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இத்த யாரு கய்வுனது?"

தோழி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தோழியைப் பார்த்தார்.

"செருகுறவ கீறா. ஈயம் வெக்கிறவ கீறா. டெஸ்டிங்கும் கீறாரு," என்று எங்களை ஒவ்வொருவராகக் காட்டினாள் அக்கா. "கய்வுறவ எங்க?"

ஒருவருக்கும் தோன்றவே இல்லை! நான் லைனில் சேர்ந்த நாளிலிருந்து என் கையிலிருந்து போர்டு பிசுபிசுப்பாகத்தான் போகும், அண்ணன் கைக்குச் சுத்தமாகத்தான் வந்து சேரும். நடுவில் நடப்பது எனக்கும் வேலை இல்லை, அவருக்கும் வேலை இல்லை. வீட்டில் லைன் போட்டபோது ஒரு மேசையையே விட்டுவிட்டுப் போட்டிருக்கிறோம். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பேஸ்ட் ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் போர்டில் போகக்கூடாத இடத்திலெல்லாம் கரண்ட் கசியும், அந்தக் கசிவைத்தான் பூஸ்டர் பெரிசாக்கி ஸ்ஸ்ஸ் என்று அனுப்புகிறது, வெயிலில் காய்ந்தால் நின்றுவிடுகிறது என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் பேஸ்ட்டை அப்ப அப்பப் பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறேன்.

அக்கா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். "மூணு பேரும் சேர்ந்து செஞ்சிக்கிறீங்க. என்னிய மட்டும் கூப்டல இல்ல? அதான் இப்டி," என்று சொல்லிவிட்டு நடந்தாள். குரலில் கோபம் இருந்தது, கோபம் மட்டும் இல்லை. எனக்கு அது நன்றாகவே கேட்டது, இரண்டு சத்தத்தையும் பிரித்துக் கேட்கத்தான் பழகிவிட்டேனே.

நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சியதே எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். ஆனால் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நாளைக்குக் காலைல கோயில்ல நான் வாசிக்கணுங்க்கா. கய்வித் தாக்கா."

"ஆட்டுப் புழுக்கையவா?" என்றாள். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி உடைந்து சிரித்துவிட்டாள்.

பிறகு அவளைப் பார்க்க வேண்டுமே! கிட்டாரோடு சேர்த்துக் கழுவ முடியாது, தின்னர் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று போர்டை வெளியே எடுக்கச் சொன்னாள். நாலு ஒயரையும் நான் விடுவித்தேன். தின்னரில் முக்கினாள், பிரஷால் தேய்த்தாள், துணியால் ஒற்றினாள், டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி முக்கினாள். மறுபடி சாய்த்தாள். என்னிடமிருந்து எத்தனையோ போர்டுகள் திரும்பி வந்த அதே முகம், ஆனால் இந்த முறை திரும்பி வந்தது அவள் கைக்கேதான். டெஸ்டிங் மேசை பல்பின் சூட்டில் காய வைத்தாள். அவள் திரும்பும்போது பிரஷிலிருந்து ஒரு சொட்டு தெறித்து கிட்டாரின் சிவப்பு முதுகில் விழுந்தது. பெயிண்ட் கொப்பளித்துவிட்டது. நான் அலறினேன்.

"பெயிண்டு போனா போவுது. சத்தம் போவணுமா, வாணாவா?" என்றாள், தலையைக்கூடத் தூக்காமல்.

கடைசியாக ஒரு முறை சாய்த்துப் பார்த்தாள். முட்டியை மடக்கினாள். டொக் டொக்.

ஒயர்களைப் பற்றவைத்து மூடியைப் போட்டு பெட்டியைப் போட்டால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் மழை கொட்டுகிற கொட்டலில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. இதில் ஸ்ஸ் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? லஞ்ச் முடிந்து பெல்லும் அடித்துவிட்டது, கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்க்கக்கூட நேரமில்லை. சாயங்காலம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் மண்ணூர் முழுக்கக் கரண்ட் இல்லை. விடிகிற நேரத்துக்குத்தான் வந்தது. அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கோயிலில் கலர் தாள் தோரணம், புதுத்துணி வாசனை, தூக்கம் கலையாத பிள்ளைகள். எல்லோரும் பாடிக்கொண்டே உள்ளே வந்துகொண்டிருந்த இரைச்சலில் நான் பெட்டிக்குப் பின்னால் என் இடத்தில் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சில் வாஷிங் அக்கா உட்கார்ந்திருந்தாள்! புருஷன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அவர்கள் வீட்டுக்குக் கோயில் வேறு, சாமி வேறு. ஆனால் அவள் வந்தது சாமிக்காக இல்லை. அவள் கழுவிய போர்டு இங்கே இருந்தது.

பாஸ்டர், "மௌனமாக ஜெபிப்போம்" என்றார்.

கோயில் கண்ணை மூடியது. செக்ரட்டரி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்விட்சைத் தட்டினேன்.

ஒன்றும் இல்லை.

ம்ம்ம் இல்லை, ஸ்ஸ்ஸ் இல்லை, சடசட இல்லை. வெளியே இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு: செத்துப்போய்விட்டது. அவசரத்தில் ஒயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டேனா? பாட்டரி விட்டுப்போனதா? பெட்டியின் சிவப்பு விளக்கு சபையைப் பார்த்து இருக்கிறது, பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த இரைச்சல்தான் கிட்டார் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். குமிழைத் திருகினேன். இல்லை. இன்னும் திருகினேன். இல்லவே இல்லை. ஜெபம் முடிகிற நேரம். பாஸ்டர் கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தார். கம்பியை இழுத்துச் சத்தம் வராமல் போனால், பாம்பைவிடக் கேவலம். என் விரல்கள் கம்பி மேல் அப்படியே நின்றுவிட்டன. அழுதுவிடுவேன் போல இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து கேட்டது.

டொக் டொக்.

அந்த அமைதியில் அது சுத்தியால் அடித்தது போல விழுந்தது. கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. லைனில் அந்தச் சத்தம் கேட்டால் போர்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் கைக்குத் தெரியும். கை தானாகக் கம்பிக்குப் போய்விட்டது.

எப்படி வந்தது சத்தம்! நான் பயத்தில் குமிழை எவ்வளவு திருகியிருந்தேனோ அவ்வளவும் வந்தது. கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு வீறிட்டன. தோரணம் நடுங்கியதாக அம்மா சொல்வாள். மணி போல, சுத்தமாக, ஒரு தூசி இல்லாமல் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நின்றது. பாடகர் குழு தங்கள் இடத்தை மறந்து ஒரு வரி தாமதமாகத்தான் சேர்ந்தது. நான் சிரித்துக்கொண்டே வாசித்தேன், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் கேக்குக்கு நிற்கும்போது செக்ரட்டரி நேராக என்னிடம் வந்தார். "பெட்டிய ஆஃப் பண்ட்டியா?"

"இல்லீங்க. ஆன்லதான் கீது."

நம்பவில்லை. சுற்றிப்போய்ச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். குனிந்து, அன்றைக்கு வைத்த அதே காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து, "ஜெபத்துல பின்னாடி தட்னது யாரு?" என்று சத்தமாகக் கேட்டார்.

"நான்தான்," என்று கேக் தட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் அக்கா. குரல் எப்போதும் போல அடுத்த ஷெட் வரைக்கும். "கய்வுனது நானு. சுத்தமா இருந்தா ரெண்டு தட்டு தட்டுவேன். அது பாஸு."

செக்ரட்டரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிட்டாரின் முதுகில் கொப்பளித்த பெயிண்டைப் பார்த்தார். பாஸ்டரும் வந்து நின்றார். செக்ரட்டரி மறுபடி பெட்டி முன்னால் குனிந்தார். காதை வைக்கவில்லை. விரல் முட்டியை மடக்கி, பெட்டியின் மேல் பலகையில் இரண்டு தட்டு தட்டினார்.